கேட்ச்போல் ஆக்கள் ஆர்?

கிளென் வேவர்லி கணேசலிங்கத்துக்கு மூக்கு கொஞ்சம் நீளம். முகத்தைப் பார்த்தால் தெரியாது. எங்காவது ஒரு கல்யாணப் பேச்சு எழும்பும்போதுதான் அது நீளும். டொரொண்டோவில் இருக்கிற பெண்ணுக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை சரிவந்தால், இரண்டு வீட்டாரும் சாதகத்தைச் சாத்திரியாரிடம் கொடுத்துவிட்டு ஆஸ்திரேலியாவில், மெல்பேணில் இருக்கிற கணேசலிங்கத்துக்குத் தொலைபேசி எடுப்பார்கள். "அண்ணை, ஆக்கள் ஆர் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோ." அந்தக் கேள்விக்குள் என்ன பதுங்கியிருக்கிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். சாதி என்ற சொல்லை மட்டும் இருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள். அவ்வளவு நாகரிகம்.

மல்கிரேவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில், வாளிக்கு மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பகலில் வாளியும் மூடியும். மாலையில் பெண்ணும் மாப்பிள்ளையும். இரண்டுக்கும் ஒரே முறைதான் வைத்திருந்தார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார், இலேசாகத் தட்டிப் பார்ப்பார், ஒழுகினால் ஒதுக்கிவிடுவார்.

ஒருவர் தும்மினால் அது எந்தக் குறிச்சித் தும்மல் என்று சொல்லக்கூடியவர் என்பார்கள். நோர்வேயிலிருந்து வந்த ஒரு படத்தில், மாப்பிள்ளையின் தாய்மாமன் சால்வையை எந்தத் தோளில் போட்டிருக்கிறார் என்பதை வைத்தே ஊர், ஒழுங்கை, கோயிலடி எல்லாம் சொன்னவர் என்றும் ஒரு கதை உண்டு. அந்தப் படத்தில் மாமன் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். அவர்கள் கணேசலிங்கத்தால் ஒதுக்கப்பட்ட மூடிகள்.

அவருடைய தொழிலுக்கு ஒரு முதல் விதி இருந்தது. யாரைப் பற்றிக் கேட்கிறோம் என்பதற்கு முன்னால், யாரிடம் கேட்கிறோம் என்பதைத் தெரிந்துகொள். மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையின் பெரியம்மாவிடமே கேட்டுவிட்டு நிற்பது கற்றுக்குட்டிகளின் வேலை. கரவெட்டியில் பிறந்து, மெல்பேணில் தலை நரைத்த கணேசலிங்கம் ஒருநாளும் அந்தக் குழியில் விழுந்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். சிவாஜினி, கண் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புட்டும் மீன்குழம்பும் தட்டில் இருக்கும்போது சொன்னாள்.

"அப்பா, அம்மா, நான் லாக்லனைத்தான் கட்டப்போறன். லாக்லன் கேட்ச்போல்."

மனைவி சந்திரவதனா கரண்டியைக் கீழே வைத்தாள். ஆனால் முகத்தில் அதிர்ச்சி இல்லை. தாய்மாருக்கு முன்பே தெரிந்துவிடும். தெரியாதது போல் கரண்டியை வைக்கவும் தெரியும்.

"வெள்ளையே?" என்றார் கணேசலிங்கம்.

"வெள்ளைதான். பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறார். நல்ல ஆள். எங்கட முறைப்படி கல்யாணம் செய்யத் தனக்கு விருப்பம் எண்டும் சொல்லிட்டார்."

"கேட்ச்போல்..." கணேசலிங்கம் அந்தப் பெயரைப் புட்டோடு சேர்த்து மென்றார். "அது என்ன பேர் பிள்ளை? ஆக்கள்..."

"ஸ்டொப்." சிவாஜினி கையை நீட்டினாள். "அந்தக் கேள்வியை முடிக்காதேங்கோ. இந்த ஊரில எத்தனை பிள்ளையளின்ர சந்தோசம் உங்கட தொலைபேசிக்குள்ள போய்த் திரும்பி வராமல் இருக்குது தெரியுமா? நீங்கள் லாக்லனைப் பற்றி ஒரு சொல் விசாரிச்சதாக் கேள்விப்பட்டால், நான் சிட்னியில இருக்கிற மாமாவைக் கூப்பிட்டுத்தான் தாரை வார்ப்பன். நீங்கள் பந்தியில இருந்து சாப்பிட்டுட்டுப் போகலாம்."

தாரை வார்ப்பது என்றால் சும்மாவா? பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, செம்பால் தண்ணீர் ஊற்றி, இனி இவள் உன் பொறுப்பு என்று தகப்பன் கொடுக்கிற இடம். மகளைப் பெற்றவனுக்கு வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கிற இடம். அதுவும் மாமா என்றால் ஸ்ரீகாந்த். சந்திரவதனாவின் தம்பி. கணேசலிங்கத்தை 'ரகசியப் பொலிஸ் அத்தான்' என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர். அவர் பட்டு வேட்டியோடு அந்த மேடையில் ஏறுவதைப் பார்ப்பதைவிட, கணேசலிங்கம் மறுபடியும் வாளித் தொழிற்சாலைக்கே போய்விடலாம்.

"நான் ஏன் பிள்ளை விசாரிக்கப் போறன்?" என்றார்.

சொன்னபோது மனதாரத்தான் சொன்னார். மூன்று நாள் தாங்கினார். நாலாம் நாள் மூக்கு அரிக்கத் தொடங்கியது.

முதலில் கைபேசியில் தேடினார். கேட்ச்போல் என்பது பழைய நோர்மன் பிரெஞ்சுச் சொல்லாம். துரத்து என்பதற்கு ஒரு சொல், கோழி என்பதற்கு ஒரு சொல். இரண்டையும் சேர்த்தால் கோழி துரத்துகிறவன்.

கணேசலிங்கம் கதிரையில் சாய்ந்தார். கோழி பிடிக்கிற ஆக்களா? கரவெட்டிக்கு இதை எப்படிச் சொல்வது? பிறகு மனதைத் தேற்றிக்கொண்டார். கைபேசி சொன்னதை வைத்துச் சம்பந்தம் செய்ய முடியுமா? அதற்குத் தாய் ஆர், தகப்பன் ஆர்? ஒரு விஷயத்தை மனிதவாயால் கேட்டால்தான் அது விசாரணை.

உள்ளூர் நூல்நிலையத்தில் வியாழக்கிழமை காலையில் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் கூடுவார்கள் என்று ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. "லைப்ரரிக்குப் போட்டு வாறன்" என்று மனைவியிடம் சொன்னார். அது பொய்யில்லை. பொய் சொல்லாமல் ஏமாற்றுவதில் அவருக்கு நல்ல பயிற்சி.

அங்கே மேசையில் வெள்ளைத் தலையோடு, கழுத்தில் இரண்டு மூக்குக்கண்ணாடி தொங்க, ஒரு மாது இருந்தார். பெயர் பெவர்லி ஹியூவிட். பெவ் என்று கூப்பிடலாமாம். இருவரும் ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். தமிழில் சொன்னால்தான் நமக்கு ருசி.

"எந்தப் பெயரைத் தேடுகிறீர்கள்?"

"கேட்ச்போல். ஒரு நண்பருக்காக."

பெவர்லி ஒரு கண்ணாடியைக் கழற்றி மற்றதைப் போட்டார். "நண்பருக்காக. நல்லது. அருமையான பெயர் அது. கோழிக்கதை தெரியுமா?"

"துரத்துவது வரைக்கும் தெரியும். பிடித்தபின் என்ன செய்தார்கள்?"

அவ்வளவுதான், பெவர்லி சட்டைக்கையை மடித்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். இங்கிலாந்தில், தொள்ளாயிரம் ஆண்டுக்கு முன்னால், பிரபுவின் வரியைத் தண்டப் போகிறவருக்குப் பெயர் கேட்ச்போல். குடியானவன் கையில் காசு எங்கே இருக்கும்? காசு இல்லை என்றால், முற்றத்தில் மேய்கிற கோழியைப் பிடித்துக்கொண்டு போவார். கோழியா சும்மா வரும்? கேட்ச்போல் ஒரு பக்கம், கோழி ஒரு பக்கம், குடியானவனின் மனைவி முற்றம் கூட்டுகிற தும்புக்கட்டையோடு இன்னொரு பக்கம். பிற்காலத்தில் கோழி போய், கடன்காரனையே பிடிக்கிற சில்லறை நீதிமன்ற உத்தியோகத்தனுக்கு அந்தப் பெயர் வந்தது. வேலை அழிந்துபோனது. பெயர் மட்டும் சஃபோக் பக்கத்துச் சில குடும்பங்களில் ஒட்டிக்கொண்டது.

"நில்லுங்கள்," என்றார் கணேசலிங்கம். "வரி தண்டியவர் என்றால், அரசாங்க உத்தியோகமா?"

"அப்படியும் சொல்லலாம்."

யாழ்ப்பாணத்து மனிதரின் காதில் அரசாங்க உத்தியோகம் என்ற சொல் விழுந்தால் உள்ளே நாதஸ்வரம் கேட்கும். தொள்ளாயிரம் ஆண்டு உத்தியோகப் பரம்பரை! கோழியாவது கத்தரிக்காயாவது, பிடித்தது அரசாங்கத்துக்காக அல்லவா? கணேசலிங்கத்தின் முகம் அப்படியே மலர்ந்தது. மலர்ந்த வேகத்தில் அடுத்தடுத்த கேள்விகள் விழுந்தன. அந்த மெல்பேண் கேட்ச்போல்கள் எப்படி? குடி உண்டா? குடும்பத்தில் சித்தம் கலங்கினவர்கள்? இந்த நாட்டுக்கு எப்படி வந்தவர்கள்?

"கப்பலில். கைவிலங்கோடு," என்றார் பெவர்லி பெருமையாக. "பக்கத்து வீட்டுக் கோழி நாலைத் திருடியதற்காக நாடு கடத்தினார்கள். பரம்பரைப் பழக்கம் பாருங்கள், வரி என்ற சாட்டு மட்டும்தான் போய்விட்டது."

நாதஸ்வரம் நின்றது. சந்தோசமாகச் சொல்கிறாரே இந்த மனுஷி! இந்த ஊரில் கைதியாக வந்த பூட்டன் கிடைத்தால் படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள் என்பதைக் கணேசலிங்கம் மறந்துவிட்டார்.

"அதன் பிறகு ஒழுங்கான மனிதர்கள்," என்று பெவர்லி தொடர்ந்தார். "எபனேசர், தச்சன். அவர் மகன் வால்ட்டர், தபால்காரர். அவர் மகன் இயன், டிராம் ஓட்டினவன். இயன் சின்ன வயதிலேயே இறந்துபோனான், பாவம். மகனுக்கு அப்போது மூன்று வயது. லாக்லன் என்று பெயர்."

"நீங்கள் எல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்களே!"

"வைத்திருக்கத்தானே வேண்டும்? இயன் என் தம்பி."

கணேசலிங்கத்தின் கையில் பெவர்லி கொடுத்திருந்த தேநீர், கோப்பையை விட்டு மேசைக்கும், மேசையை விட்டு அவருடைய காற்சட்டைக்கும் போனது.

யாரிடம் கேட்கிறோம்? அந்தக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. கரவெட்டி மனுஷி ஒருத்தி அந்த மேசையில் இருந்திருந்தால், கட்டியவர் யார், பிறந்த வீடு எது என்று தெரியாமல் வாய் திறந்திருப்பாரா? ஆனால் இது வெள்ளைக்கார மனுஷி. வெள்ளைக்காரருக்கு மாமி, மச்சாள், ஒன்றுவிட்ட சொந்தம் எல்லாம் ஏது என்று அவர் எப்போதோ முடிவு செய்துவைத்திருந்தார். ஹியூவிட் என்பது புருஷன் வீட்டுப் பெயர் என்பது இப்போதுதான் விளங்கியது.

"நீங்கள் சிவாவின் அப்பா," என்றார் பெவர்லி, கடதாசித் துவாயை நீட்டியபடி. "மூக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது."

"மகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்," என்றார். அந்த வயதில் அப்படி ஒரு குரல் தனக்குள் இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. தாரை வார்க்கிற விஷயத்தையும், மைத்துனர் ஸ்ரீகாந்தையும் சொன்னார்.

பெவர்லி கதிரையில் நன்றாகச் சாய்ந்தார். "சரி. சொல்லமாட்டேன். ஆனால் இப்போது என் முறை. கணேசலிங்கங்கள் என்றால் யார்? என்ன தொழில் செய்தவர்கள்?"

"கணேசலிங்கங்கள் என்று ஒரு கூட்டம் இல்லை. அது நான் மட்டும். அப்பாவுக்கு வேறு பெயர். எங்களுக்குக் குடும்பப் பெயரே கிடையாது."

"பிறகு யார் எந்தக் குடும்பம் என்று எப்படித் தெரியும்?"

"அதற்குத்தானே விசாரிக்கிறோம்."

சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். இந்த வெள்ளைக்காரர்கள் முன்னோரின் தொழிலைப் பெயரிலேயே எழுதி ஒட்டி, ஊரறியக் காட்டிவிட்டு, அதை மறந்தும் விட்டார்கள். கோழி பிடித்தவனின் பேரப்பிள்ளை மருத்துவராகிறான், குதிரைக்கு லாடம் அடித்தவனின் பேரப்பிள்ளை வங்கி நடத்துகிறான், ஒருவரும் மூக்கைச் சுழிப்பதில்லை. நாங்கள் பெயரில் ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. எழுதாமலேயே, மறக்காமல் இருக்கிறோம். யாராவது மறந்துபோனால் ஞாபகப்படுத்துவதற்கு மெல்பேணுக்குத் தொலைபேசி எடுக்கிறார்கள்.

"சரி, உங்கள் பாட்டன்?" பெவர்லி விடுவதாக இல்லை. "அவர் என்ன செய்தார்?"

இதற்குக் கணேசலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "விதானையார். வெள்ளைக்கார அரசாங்கம் ஊருக்கு வைத்த தலைவர். வரி எடுப்பது அவர்தான்."

"வரி கட்டாவிட்டால்?"

"அது... வீட்டில் இருக்கிறதை எடுப்பார்."

"என்ன இருக்கும் வீட்டில்?"

"ஆடு. மாடு."

"ஆடும் மாடும் இல்லாத வீட்டில்?"

கணேசலிங்கம் நூல்நிலையத்தின் கூரையைப் பார்த்தார். "கோழி," என்றார்.

பெவர்லி சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாருங்கள் மிஸ்டர் கேட்ச்போல்!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "சஃபோக்கிலும் நாம்தான், உங்கள் ஊரிலும் நாம்தான்!"

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் அவர் நூல்நிலையம் போனார். பெவர்லி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இதற்கிடையில் டொரொண்டோவிலிருந்து யாராவது எடுத்து "அண்ணை, ஆக்கள் ஆர்?" என்றால், "பெடியன் குடிக்கிறதில்லை, தாயோட அன்பாய்க் கதைக்கிறான். வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்று சொல்லி வைத்துவிடத் தொடங்கினார். கணேசலிங்கத்துக்குக் காது மந்தமாகிவிட்டது என்று டொரொண்டோவில் கதை பரவியது.

கல்யாண நாளும் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். லாக்லன் தலைப்பாகையோடும், எந்த நேரமும் அவிழ்ந்துவிடலாம் என்று பயமுறுத்திய பட்டு வேட்டியோடும் மணவறையில் இருந்தான். பக்கத்தில் சிவாஜினி. முன்வரிசையில் லாக்லனின் தாய் சூசன். அவளுக்குப் பக்கத்தில், சந்திரவதனா குத்திவிட்ட சேலையில் பெவர்லி. மற்றப் பக்கத்தில் ஸ்ரீகாந்த், தேவைப்பட்டால் எழும்பத் தயாராக, சால்வையை மடித்துத் தோளில் போட்டபடி.

தாரை வார்க்கும் நேரம். கணேசலிங்கம் கையில் வெள்ளிச் செம்பு. ஐயர் பெண்வீட்டு மூன்று தலைமுறையையும் சமஸ்கிருதத்தில் முழங்கினார். விதானையாரின் பெயர் மண்டபத்தின் கூரையில் மோதித் திரும்பியது. பிறகு மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"மாப்பிள்ளையின்ர தகப்பன், பாட்டன், பூட்டன் பேர்?"

முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய விஷயம். ஆனால் அன்று ஐயர் நடத்துகிற மூன்றாவது கல்யாணம் அது.

சிவாஜினி ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்தாள். "இயன்," என்றான் லாக்லன். பிறகு நின்றான். தாயைப் பார்த்தான். சூசன் உதட்டைப் பிதுக்கினாள். வால்ட்டரோ என்னவோ, அவள் மருமகளாக வந்தபோது அந்தக் கிழவர் உயிரோடு இல்லை. லாக்லனின் கழுத்து சிவந்து, சிவப்பு காது வரைக்கும் ஏறியது. "எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்," என்றான் மெல்ல. "அப்பாவிடம் கேட்கக் கிடைக்கவில்லை."

"பரவாயில்லை தம்பி," என்றார் ஐயர். "தெரியாத இடத்தில பரமேஸ்வரன் எண்டு போட்டுச் சொல்லுவம்."

ஸ்ரீகாந்த் பக்கத்தில் இருந்தவரிடம் சாய்ந்தார். அவருடைய ரகசியம் எப்போதும் மூன்று வரிசைக்குக் கேட்கும். "பாட்டன் பேர் தெரியாத ஆக்கள் போல கிடக்கு."

கணேசலிங்கம் பெவர்லியைப் பார்த்தார். அந்த மனுஷி தெரியாதது போல, மண்டபத்து மின்விளக்குகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்துகொண்டிருந்தார். வாய் மட்டும் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தன் தகப்பனின் பெயரை அவரே சொல்லலாம், ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவர், அதையும் கணேசலிங்கத்துக்கே விட்டுவைத்திருந்தார்.

பேசாமல் நின்றால் போதும். பரமேஸ்வரன் பார்த்துக்கொள்வார். செம்பு கையில் இருக்கிறது, மகள் முன்னால் இருக்கிறாள், இன்னும் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். கணேசலிங்கம் லாக்லனின் காதைப் பார்த்தார். அது இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. எத்தனை மணவறைகளில், எத்தனை பிள்ளைகளின் காது, அவர் ஒரு தொலைபேசியில் சொன்ன சொல்லால் இப்படிச் சிவந்ததோ.

"ஐயா," என்றார். "பாட்டன் வால்ட்டர். தபால்காரர். பூட்டன் எபனேசர். தச்சன். தொழிலையும் சேர்த்துச் சொல்லுங்கோ, வெட்கப்பட ஒண்டுமில்லை."

மேளகாரர் குச்சியைத் தூக்கியபடி நின்றார்.

ஐயர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எபனேசரைச் சமஸ்கிருதத்துக்குள் எப்படி ஏற்றுவது என்று ஒரு கணம் யோசித்தார். ஏற்றிவிட்டார். "எபனேசர் நாமதேயஸ்ய நப்த்ரே, வால்ட்டர் நாமதேயஸ்ய பௌத்ராய, இயன் நாமதேயஸ்ய புத்ராய..."

சஃபோக்கில் இருந்து வந்த அந்தப் பெயர்கள் விதானையாரின் பெயர் மோதிய அதே கூரையில் மோதித் திரும்பின. லாக்லன் தலையை உயர்த்தி மேலே பார்த்தான். "எபனேசர்!" என்றான், யாரோ கையில் வைத்துக் கொடுத்தது போல. "எபனேசரா!"

சிவாஜினி மட்டும் கூரையைப் பார்க்கவில்லை. தகப்பனைப் பார்த்தாள்.

"அப்பா."

"ஓம் பிள்ளை."

"விசாரிச்சனீங்கள்."

"விசாரிச்சனான்."

"ஆரிட்டை?"

கணேசலிங்கம் செம்புக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தார். ஆனால் முன்வரிசையில் பெவர்லியின் தோள் குலுங்கத் தொடங்கியிருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊசி ஒன்று தெறித்து விழுந்தது. சிவாஜினி அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், விளங்கிக்கொண்டாள். "ஓ மை கோட். மாப்பிள்ளையின்ர மாமியிட்டையே போய்..."

ஸ்ரீகாந்த் எழும்பினார். சால்வையை உதறி, மற்றத் தோளுக்கு மாற்றினார். "பிள்ளை, நான் வரட்டோ?"

கணேசலிங்கம் செம்பைக் கீழே வைப்பதற்காகக் குனிந்தார். சிவாஜினி சொன்ன சொல் சொன்னதுதான். அவள் அவருடைய மகள் அல்லவா. பின்னால் சந்திரவதனா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

லாக்லன் சிவாஜினியின் காதில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. கணேசலிங்கம் அதை மட்டும் விசாரிக்கவில்லை. சிவாஜினி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பா, கோபமா என்று அவளுக்கே முடிவாகவில்லை போல.

"மாமா, நீங்கள் இருங்கோ," என்றாள். "அப்பா, செம்பைத் தூக்குங்கோ. நாளைக்கு வீட்ட வந்து உங்களுக்குத் தாறன். இப்ப தண்ணியை ஊத்துங்கோ."

அவர் ஊற்றினார். தண்ணீர் கைகளில் பாதியும் லாக்லனின் பட்டு வேட்டியில் பாதியுமாக விழுந்தது. "போதும், போதும் ஐயா," என்று ஐயர் சொல்லியும் அவருக்குக் கேட்கவில்லை. செம்பு காலியாகும்வரை ஊற்றிக்கொண்டேயிருந்தார்.